காப்பித் தண்டில் வரிவரியாகப் புடைப்பு
ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிச் செடிகள் மஞ்சளாகி வாடுகின்றன, தண்டு வரிவரியாகப் புடைத்திருக்கிறது, உரக்குறையா என்று கேட்டிருந்தீர்கள். உரம் இல்லைங்க, வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டுதான் காரணம். வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும், புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் புடைப்பில் வெட்டிப் பாருங்கள், சுரங்கம் முழுக்கத் தூள் இறுக்கி அடைத்திருக்கும். இந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும், நீங்களோ நிழல் தருகிற சில்வர் ஓக் மரங்களை மொட்டையடித்துவிட்டேன் என்கிறீர்கள்! உள்ளே போன புழுவை மேலே அடிக்கிற மருந்து எட்டாது. ஏப்ரல்-மே, அப்புறம் அக்டோபர்-டிசம்பர், இந்த மாதங்களில்தான் வண்டு வெளியே வரும், அதற்கு முன்னாடியே புழு புகுந்த செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். விறகாகட்டும் என்று அடுக்கி வைத்தால் அதிலிருந்தே கிளம்பும். நல்ல செடிகளின் தண்டைத் தேங்காய் நாரால் தேய்த்து உதிர்பட்டையை எடுத்துவிட்டால் முட்டையிட இடுக்கு கிடைக்காது.