சென்சாரில் விளக்கு எரிகிறது, பிஎல்சிக்கு ஏன் தெரியவில்லை?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பராமரிப்பு பார்க்கும் வாசகர் இரண்டு சிக்கல்களை எழுதியிருக்கிறார். ஒன்று, துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் மூடி சாத்தியிருக்கிறதா என்று தொடாமலே பார்க்கும் பிராக்ஸிமிட்டி சென்சார் போய்விட்டது. கடையில் அதே சைஸில், அதே 24 வோல்ட்டில் ஒன்று வாங்கி மாட்டினார். மூடியைச் சாத்தினால் சென்சாரின் பின்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சியில் அந்த இன்புட்டின் விளக்கு எரியவில்லை. இரண்டு, ஸ்டீம் வால்வுக்குக் காற்று கொடுக்கும் சொலினாய்டை (மின்சாரக் காயிலால் இயங்கும் குட்டி வால்வு) ஆன், ஆஃப் செய்யும் பிஎல்சியின் ரிலே அவுட்புட் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது; ரிலே என்பது காயில் இழுத்துக் கான்டாக்ட்டை மூடும் சுவிட்ச். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மாட்யூலை ஒரு தட்டு தட்டினால் விடுபடுகிறது. "இன்புட் கார்டு போய்விட்டதா? அவுட்புட்டுக்கு டிரான்சிஸ்டர் மாட்யூல் போட்டால் தீருமா?" என்று கேட்கிறார்.

கார்டு அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். டிரான்சிஸ்டர் மாட்யூலும் வேண்டாம்.

முதலில் இன்புட். வோல்ட்டேஜ் இருக்கிறதா, இல்லையா என்று அந்தக் கார்டு பார்ப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பார்ப்பது தன் வழியாகக் கரன்ட் போகிறதா என்பதை. உள்ளே ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு ஆப்டோ கப்ளர் இருக்கும்: ஒரு குட்டி எல்இடி, அதன் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு டிரான்சிஸ்டர். எல்இடி வழியாகச் சில மில்லி ஆம்பியர் போனால் இன்புட் ஆன். அந்த எல்இடியின் ஒரு முனை உங்கள் இன்புட் டெர்மினலுக்கு வரும். மறுமுனை காமன் என்ற, பல இன்புட்டுகளுக்கும் பொதுவான முனைக்குப் போகும். காமனை எங்கே இணைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காமன் +24-இல் இருந்தால், சென்சார் டெர்மினலை 0 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டும். அது என்பிஎன் சென்சாரின் வேலை. காமன் 0-வில் இருந்தால், சென்சார் 24 வோல்ட்டைத் தள்ள வேண்டும். அது பிஎன்பி. ஜப்பான், தைவான், கொரியா வழி வந்த பழைய மெஷின்களில் என்பிஎன் அதிகம். ஐரோப்பிய மெஷின்களில் பிஎன்பி. கடையில் கேட்காமல் வாங்கினால் கையில் கொடுப்பது பெரும்பாலும் பிஎன்பிதான். அது கறுப்பு ஒயரில் (சிக்னல் ஒயர்; பழுப்பு பிளஸ், நீலம் 0) 24 வோல்ட் கொடுக்கிறது, உங்கள் காமனிலும் 24 வோல்ட் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் என்றால் கரன்ட் எப்படிப் போகும்? சென்சாரின் சொந்த விளக்கு எரியும், கார்டு சும்மா இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காக ஒரு மில்லில் நானே இரண்டு நாள் கார்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதையும் கழற்றாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கார்டு 24 வோல்ட் டிசி வகைதானா என்று அதன் மேல் படித்துப் பாருங்கள். பழைய பேனல்களில் 110 வோல்ட் ஏசி இன்புட் கார்டும் இருக்கும். டிசிதான் என்றால் சென்சார் ஒயரை மட்டும் அந்த டெர்மினலிலிருந்து எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேனலின் 0 வோல்ட்டிலும் சிவப்பு முனையை வெறும் டெர்மினலிலும் வையுங்கள். 24-க்குப் பக்கத்தில் காட்டினால் கார்டு என்பிஎன் கேட்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் பிஎன்பி. டெர்மினலில் ஒரு துண்டு ஒயரை வைத்துத் தொட்டுப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் இது மூடி சென்சார். நீங்கள் தொட்ட நொடியில் "மூடி சாத்தியாயிற்று" என்று பிஎல்சியிடம் பொய் சொல்கிறீர்கள். மீட்டரே போதும்.

சென்சார் பக்கமும் ஒரு பார்வை. அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்னப் படத்தில் லோடு என்ற பெட்டி கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே இருந்தால் பிஎன்பி. பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இருந்தால் என்பிஎன். சிங்க் (0-வுக்கு இழுப்பது), சோர்ஸ் (24-ஐத் தள்ளுவது) என்ற சொற்களை நம்பி மட்டும் வாங்காதீர்கள். சில கம்பெனிகள் சென்சாரை வைத்துப் பெயர் சொல்கின்றன, சில கார்டை வைத்து. ஒன்றின் சிங்க் மற்றொன்றின் சோர்ஸ் ஆகிவிடும்.

சரி, இனி என்ன செய்வது? சென்சாரை மாற்றுங்கள். காமனை 24-லிருந்து 0-வுக்கு மாற்றினால் போதுமே என்று தோன்றும், செய்யாதீர்கள். ஒரு காமனில் எட்டு, பதினாறு இன்புட் தொங்கும். இது வேலை செய்யும், மற்றதெல்லாம் படுத்துவிடும். சென்சார் கைக்கு வரும்வரை ஓட்டியாக வேண்டும் என்றால், பிஎன்பி சென்சார் ஒரு 24 வோல்ட் ரிலேயை இழுக்கட்டும், அதன் கான்டாக்ட் இன்புட்டை 0-வுக்கு இழுக்கட்டும். தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள ரிலே நல்லது. இன்புட்டின் ஐந்தாறு மில்லி ஆம்பியர் சாதாரணக் கான்டாக்ட்டின் அழுக்கைக் கிழித்துக்கொண்டு போகாது. ரீல் சுற்றை எண்ணும் சென்சாருக்கு இந்தக் குறுக்குவழி சரிப்படாது, ரிலேக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. மூடி மாதிரியான இடத்தில் என்பிஎன் எனக்குப் பிடிக்காது. பேனலின் 0 வோல்ட் வழக்கமாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். நீராவியும் உப்பும் உள்ள இடத்தில் கறுப்பு ஒயரின் தோல் தேய்ந்து மெஷின் உடம்பைத் தொட்டால், அதுவே டெர்மினலை 0-வுக்கு இழுத்துவிடும். மூடி திறந்திருக்கும், பிஎல்சியோ சாத்தியிருக்கிறது என்று நினைக்கும். பிஎன்பியில் அதே ஒயர் எர்த்தைத் தொட்டால் சென்சாரின் ஷார்ட் பாதுகாப்பு வேலை செய்யும் அல்லது ஃபியூஸ் போகும், இன்புட் ஆஃப் ஆகும், மெஷின் நிற்கும். அடுத்த மெஷின் வாங்கும்போது பிஎன்பி என்று எழுதிக் கேளுங்கள். எதுவானாலும், மூடியின் பாதுகாப்பை ஒற்றை சென்சாரிடமும் பிஎல்சியிடமும் மட்டும் விடாதீர்கள்.

இரண்டு ஒயர் சென்சார் வாங்கிவிட்டால் தலைகீழான தொல்லை வரும். அது ஆஃபில் இருக்கும்போதும் கொஞ்சம் கரன்ட் ஒழுகும். ஐஇசி 61131-2 தரப்படி 24 வோல்ட் டைப் 1 இன்புட், கரன்ட் 0.5 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால்தான் கட்டாயம் ஆஃப் என்று எடுத்துக்கொள்ளும். டைப் 3 இன்புட் 1.5 வரை பொறுக்கும். ஒழுகல் அதிகமாகி இன்புட் ஆஃப் ஆக மறுத்தால் டெர்மினலுக்கும் காமனுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள்.

இப்போது ஒட்டிக்கொள்ளும் ரிலே. உங்கள் சொலினாய்டு 230 வோல்ட் ஏசி, ஸ்டீம் கட்டுப்பாடு பத்து நொடிக்கு ஒருமுறை அதை ஆன் செய்து ஆஃப் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 12 மணி நேரம் சூடேற்றினால் 4,320 தடவை. பிஎல்சிக்குள் இருக்கும் குட்டி ரிலேக்கு முழு லோடில் லட்சம் தடவை என்றுதான் டேட்டாஷீட்டில் பொதுவாகப் போட்டிருக்கும். லட்சம் தீர 23 நாள். உங்கள் லோடு அதைவிடச் சின்னது என்றால் சில மாதம் வரும். ரிலேயில் குறையில்லை, அதன் ஆயுசே அவ்வளவுதான்.

ஒட்டுவது மூடும்போது நடப்பது. ஏசி சொலினாய்டு, பிளஞ்சர் (காயிலுக்குள் நகரும் இரும்புத் தண்டு) உள்ளே போய் உட்காரும்வரை பிடித்திருக்கும் கரன்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த நேரத்தில் கான்டாக்ட் குதித்தால் பொறி பறந்து உருகிச் சேர்ந்துவிடும். கம்ப்ரசர் காற்றில் வரும் தண்ணீரும் துருவும் சேர்ந்து பிளஞ்சர் பாதியில் மாட்டினால் அந்த அதிகக் கரன்ட் இறங்கவே இறங்காது. காயில் கை வைக்க முடியாத சூடாகி, அதிர்ந்து இரைகிறதா? அப்படியென்றால் முதலில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், காற்று ஃபில்டரின் தண்ணீரை இறக்குங்கள்.

டிரான்சிஸ்டர் அவுட்புட் டிசிக்கு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஒரு புள்ளிக்கு அரை ஆம்பியர். 230 ஏசி காயிலை அதில் மாட்ட முடியாது. நான் செய்வது இதுதான்: பிஎல்சி அவுட்புட் நேராக வால்வுக்குப் போகாது. நடுவே சாக்கெட்டில் சொருகும் இடைநிலை ரிலே. அது போனால் பிடுங்கிவிட்டுப் புதிது சொருகலாம், கார்டைத் தொட வேண்டியதில்லை. உங்கள் ஸ்டீம் வால்வு மாதிரி ஓயாமல் அடித்துக்கொள்வதற்கு, அந்த இடத்தில் ரிலேக்குப் பதில் ஏசிக்கான எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) போடுங்கள். தேய்வதற்கு அதில் கான்டாக்ட் கிடையாது. ஆனால் அதிலும் சில மில்லி ஆம்பியர் ஒழுகும்; சிறிய பைலட் காயில் அந்த ஒழுகலிலேயே விடாமல் பிடித்துக்கொள்ளலாம். மாட்டியதும் ஆஃப் செய்து வால்வு விடுகிறதா என்று பாருங்கள்.

காயிலின் மேலேயே, ஆஃப் ஆகும்போது எழும் வோல்ட்டேஜை அடக்க ஒரு அடக்கியும் வேண்டும். ஏசி காயிலுக்கு 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்த ஸ்னப்பர். கெபாசிட்டர் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகையாக இருக்கட்டும். டிசி காயிலுக்கு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். டிசிக்குப் போடும் டயோடை ஏசி காயிலில் போட்டால் அரை சைக்கிளில் ஷார்ட்தான்.

அப்புறம், பத்து நொடி எதற்கு? அத்தனை லிட்டர் தண்ணீரின் சூடு பத்து நொடியில் எவ்வளவு மாறிவிடும்? கன்ட்ரோலரில் அந்தச் சைக்கிள் நேரத்தை முப்பதாக்கிப் பாருங்கள், ரிலேயின் ஆயுள் மூன்று மடங்காகும்.

தட்டினால் விடுபடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒருமுறை ஒட்டிய கான்டாக்ட் மறுபடி ஒட்டும், அடுத்த முறை நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது. ஸ்டீம் மூடாது, பிஎல்சி மூடிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எஸ்எஸ்ஆரும் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆனிலேயே நின்றுவிடும். அதனால் பிஎல்சியோடு சம்பந்தமில்லாத ஒரு ஹை லிமிட் தெர்மோஸ்டாட், சூடு எல்லை மீறியதும் சொலினாய்டின் சப்ளையை நேராக அறுக்கும்படி இருக்க வேண்டும். உங்கள் மெஷினில் அது இருக்கிறதா, யாராவது ஷார்ட் செய்து வைத்திருக்கிறார்களா என்று நாளைக் காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். கார்டில் காலி அவுட்புட் இருந்து, புரோகிராமும் கையில் இருந்தால், ஒயரை அதற்கு மாற்றி முகவரியைத் திருத்திவிடலாம். ஒட்டிய புள்ளியின் மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள், அடுத்த ஷிஃப்ட்காரர் அதில் எதையும் மாட்டாமல் இருக்க.