ஒரே இனத்துக்குள் போட்டி வந்தால் எண்ணிக்கை என்ன ஆகும்?

ஒரே இனம் என்றால் தேவையும் ஒன்றுதான்: அதே உணவு, அதே இடம், அதே வெளிச்சம். அதனால் வேற்றினத்தோடு இருப்பதை விட இந்தப் போட்டி பெரும்பாலும் கடுமையானது.

முளைக்கீரையை நெருக்கி விதைத்துப் பாருங்கள். செடிகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும், இலை சிறுக்கும், நோஞ்சான்கள் நிழலில் கருகும். பயிர் கலைத்து விடுவது, அதாவது நெருக்கமான செடிகளைப் பிடுங்கி இடைவெளி விடுவது, இதற்காகத்தான். விதையைக் கூட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் பாத்தியின் மொத்த எடை கூடாது.

விலங்குகளில் எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்காட்லாந்தின் ஹிர்டா தீவில் வாழும் சோய் ஆடுகள். 1932-இல் கொண்டுவந்து விடப்பட்டவை. வேட்டையாடும் விலங்கு கிடையாது, வெளியேறவும் வழியில்லை. கூட்டம் பெருகியபின் மோசமான குளிர்காலம் வந்தால் புல் போதாமல் பாதிக்கு மேல்கூடச் செத்துப்போகும். முதலில் போவது குட்டிகளும் கிடாக்களும். கிடாக்கள் இலையுதிர்காலத்தில் பெட்டைகளுக்காக முட்டிமோதி, உடம்புக் கொழுப்பைக் கரைத்திருக்கும். அப்புறம் மிஞ்சியவற்றுக்குப் புல் தாராளம், கூட்டம் மறுபடி ஏறும்.

புலி போன்றவை தமக்கென ஓர் எல்லையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லை கிடைக்காத புலி உடனே சாகாது. ஆனால் குட்டி போடும் வாய்ப்பு குறைவு. எண்ணிக்கை அங்கேயே கட்டுப்படுகிறது.