பட்டறை பதில்கள்: பக்கி வண்டிக்கு ஆக்சில் கடைவது

வீட்டிலேயே பக்கி (மேடுபள்ளத்தில் ஓட்டும் சிறு வண்டி) கட்டுபவர்களும், பாஹா எனும் மாணவர் பக்கிப் போட்டிக்குத் தயாராகும் பொறியியல் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ஆக்சில், அதாவது இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட், ஒடியாமல் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை பக்கத்தில் பெரும்பகுதி அதற்கே.

கேள்வி: எங்கள் வண்டிக்கு 305 சிசி, 10 குதிரைசக்தி இன்ஜின். உச்ச முறுக்குவிசை 19 நியூட்டன் மீட்டர். சிவிடி (பெல்ட்டில் ஓடும் தானியங்கி கியர்), கியர்பாக்ஸ் எல்லாம் சேர்த்து 30 மடங்கு குறைப்பு. ஓட்டுநரோடு எடை 260 கிலோ, டயரின் ஆரம் 29 செ.மீ. பின் ஆக்சிலுக்கு 22 மி.மீ. ஈஎன் 8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) கம்பியே போதும் என்கிறார் லேத்காரர். போதுமா?
(கல்லூரி மாணவர் குழு, ஈரோடு)

பதில்: சமதரையில் ஓட்டினால் போதும். லேத்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர் வண்டி தாவுவதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எடையில் 60 சதவீதம் பின்னால் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பின்சக்கரத்தின் மேல் 78 கிலோ. நல்ல பிடிப்புள்ள தரையிலும் ஏறக்குறைய 220 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் டயர் வழுக்கிவிடும். அதற்கு மேல் ஷாஃப்டுக்கு முறுக்கே போகாது. நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) ஈஎன் 8 கம்பி, 22 மி.மீ. தடிமனில் சுமார் 335 வரை நிரந்தரமாக முறுகாமல் தாங்கும். ஆகவே மைதானத்தில் பத்து ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ‘பிரமாதம்’ என்று சொல்லிவிடலாம்.

மேட்டில் தாவும்போது கதை வேறு. சக்கரம் காற்றில் இருக்கும்போதும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை விடமாட்டார். வண்டி இறங்கும் நொடியில் சக்கரத்தின் மேல் இரண்டு, மூன்று மடங்கு எடை விழும். டயரின் பிடிப்பும் அதே அளவு கூடும். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் சட்டென்று பிடிபடும்போது இன்ஜின் தரும் 19 × 30 = 570 நியூட்டன் மீட்டரும், அதோடு சுழலும் பாகங்களின் வேகமும் சேர்ந்து ஷாஃப்டின் மேல்தான் இறங்கும். 25 மி.மீ. ஈஎன் 8 போட்டாலும் 495 வரைதான் தாங்கும்.

ஈஎன் 24 எனும் கலப்பு ஸ்டீலை ‘டி’ நிலையில் வாங்குங்கள். அதாவது ஏற்கெனவே கடினமாக்கி, டெம்பர் செய்து வரும் கம்பி. 22 மி.மீ. தடிமனிலேயே 780 வரை தாங்கும். கடைசலுக்குப் பிறகு சூட்டுப் பதம் தேவையில்லை, எனவே ஷாஃப்ட் வளையும் தொல்லையும் இல்லை. கம்பியின் முனையில் அடித்திருக்கும் பெயின்ட் நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு துண்டு வெட்டி பிரினெல் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை அளவு) பாருங்கள். ‘டி’ என்றால் 248 முதல் 302க்குள் இருக்க வேண்டும். 200 காட்டினால் உங்களுக்கு விற்றது வேறு சரக்கு.

மாட்டியதும் ஷாஃப்டின் நீளத்துக்கு நேர்கோடாக வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பாருங்கள். கோடு கொடிபோலச் சுற்ற ஆரம்பித்தால் ஷாஃப்ட் எல்லையைத் தாண்டிவிட்டது, மாற்றுங்கள்.

கேள்வி: ஈஎன் 24 கம்பியிலேயே செய்தோம். நடுப்பகுதி 25 மி.மீ., ஸ்ப்லைனின் (ஜாயின்டுக்குள் மாட்ட ஷாஃப்டின் முனையில் வெட்டும் பல்வரிசை) வெளிவிட்டம் 24, பல்லின் அடிவிட்டம் 21.8. மூன்றாவது நாளே ஸ்ப்லைன் முடியும் இடத்தில் ஒடிந்தது. இன்னும் தடியாகச் செய்யலாமா?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: இன்னும் மெல்லியதாகச் செய்யுங்கள். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் காரணம் எளிது.

25 மி.மீ. நடுப்பகுதி கிட்டத்தட்ட முறுகவே முறுகாது. அதனால் மொத்த அதிர்ச்சியும் ஸ்ப்லைன் முடிந்து உடம்பு தொடங்குகிற அந்த ஒரு வளையத்தில் குவிகிறது. நடுப்பகுதியைப் பல்லின் அடிவிட்டத்துக்குச் சற்றுக் கீழே, 21.5க்குக் கடைந்துவிட்டால் ஷாஃப்டின் முழு நீளமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுகி அடியை வாங்கிக்கொள்ளும். கார் கம்பெனிகளின் ஷாஃப்டுகள் பலவற்றில் ஸ்ப்லைன் தடித்தும் நடு இளைத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது மூலை. 0.4 மி.மீ. முனை ஆரமுள்ள இன்செர்ட்டை (டூலின் வெட்டுமுனை) நேராகக் கொண்டுபோய் முட்டி நிறுத்தினால் படியின் மூலை கத்தி வெட்டுபோல நிற்கும். விரிசல் அங்கேதான் பிறக்கும். குறைந்தது 3 மி.மீ. ஆரம் கொடுங்கள். சிஎன்சியில் அது ஒரு வரி புரோகிராம். சாதா லேத்தில் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை 3 மி.மீ. ஆரத்துக்குச் சாணை பிடித்து, வேகத்தைக் குறைத்து, கூலன்ட் ஊற்றி மெதுவாக இறக்குங்கள். பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் அந்த மூலையில் டூல் விட்ட வரிகள் மறையும்வரை தேய்க்க வேண்டும். சர்க்ளிப் (ஷாஃப்ட் நழுவாமல் பிடிக்கும் வளையம்) உட்காரும் காடியை ஸ்ப்லைனின் வெளி முனையில், முறுக்கு கடக்காத இடத்தில் மட்டும் போடுங்கள்.

ஒடிந்த துண்டைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முகம் தட்டையாக, சுழித்த கோடுகளோடு இருந்தால் ஒரே அடியில் முறுகி அறுந்தது. சாக்பீஸை முறுக்கி உடைத்ததுபோல 45 பாகையில் சரிந்திருந்தால் உலோகம் அளவுக்கு மீறிக் கடினம். ஒரு ஓரம் வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்ட வரிபோல இருந்து, மீதி சொரசொரப்பாக இருந்தால் விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது. மூலையைச் சரிசெய்யாமல் ஸ்டீலை மட்டும் மாற்றினால் அது திரும்பவும் வரும்.

கேள்வி: மாருதி 800 டிரைவ் ஷாஃப்டை வெட்டி, நடுவில் குழாய் ஸ்லீவ் போட்டு வெல்டிங் வைத்தோம். வெல்டிங் விடவில்லை, அதன் பக்கத்திலேயே ஒடிந்தது. எந்த ராடு பயன்படுத்த வேண்டும்?
(திருச்சி வாசகர்)

பதில்: ராடு குற்றமில்லை. கார் ஷாஃப்ட் நடுத்தரக் கார்பன் உள்ள ஸ்டீல், மேல்தோல் இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கப்பட்டது. வெல்டிங் சூட்டை அந்தக் குளிர்ந்த தடிக்கம்பி சட்டென்று உறிஞ்சிவிடுவதால், வெல்டுக்கு ஒட்டிய பட்டை தண்ணீரில் முக்கியதுபோல இறுகி நொறுங்கும் பதத்துக்குப் போகிறது. அதற்கு அடுத்த பட்டையில் பழைய கடினத்தோல் பதம் இறங்கி மெத்தென்று ஆகிறது. இரண்டும் சில மில்லிமீட்டர் இடைவெளியில். போதாக்குறைக்கு ஸ்லீவின் ஓரம் ஒரு படி.

வெட்டி ஒட்டாதீர்கள். மாருதியின் ஜாயின்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடு ஷாஃப்டை ஒரே கம்பியில் புதிதாகக் கடையுங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க எஸ்எஸ் 304 கம்பியில் செய்யலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். சாதாரண 304 கம்பி ஈஎன் 8 கம்பியைவிடவும் சீக்கிரம் முறுகும். ஸ்ப்லைனும் மரையும் தங்கள் ஜோடிப் பாகத்தோடு கவ்விப் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவி, பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழியாமல் பார்த்துக்கொண்டால் ஷாஃப்ட் துருவால் சாகாது.

கேள்வி: 450 மி.மீ. நீள ஷாஃப்ட் கடைந்தால் நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் வருகிறது. ஸ்ப்லைனைச் சாதா மில்லிங் மெஷினில் வெட்ட முடியுமா?
(கோவை வாசகர்)

பதில்: நடு தடிப்பது டூலின் தவறல்ல. விட்டத்தைப் போல் இருபது மடங்கு நீளமுள்ள கம்பி டூலைக் கண்டதும் விலகுகிறது. டிராவலிங் ஸ்டெடி (டூலோடு நகர்ந்து கம்பியைத் தாங்கும் பிடி) மாட்டுங்கள், கூரான பாசிட்டிவ் இன்செர்ட் போடுங்கள். 25 மி.மீ. கம்பிக்கு 1000 முதல் 1250 ஆர்பிஎம் போதும். இன்னொன்றைப் பலரும் மறப்பார்கள்: கம்பி 40 டிகிரி சூடேறினால் 450 மி.மீ. நீளத்துக்கு 0.2 மி.மீ. நீளும். டெயில் ஸ்டாக் இறுக்கமாக இருந்தால் அந்த நீளம் போக இடமின்றி நடுவில் வில்லாக வளையும். கடைசி வெட்டுக்கு முன் ஆறவிட்டு, ரிவால்விங் சென்டரைத் தளர்த்தி மறுபடி வையுங்கள். பேரிங் உட்காரும் இடத்தையும் ஸ்ப்லைனின் வெளிவிட்டத்தையும் இரண்டு சென்டருக்கு நடுவில், கழற்றாமல், ஒரே பிடியில் முடியுங்கள்.

ஸ்ப்லைனுக்கு ஹாபிங் (சுழலும் கட்டரால் பல் வெட்டுவது) செய்யும் கியர் பட்டறை கிடைத்தால் அங்கே கொடுங்கள். பல் எண்ணிக்கையைச் சொன்னால் மட்டும் போதாது, சிவி ஜாயின்டின் (ஷாஃப்ட் சாய்ந்தாலும் சீராகச் சுற்றவைக்கும் இணைப்பு) உள் நட்சத்திரத்தையே கையோடு கொண்டுபோங்கள், அதுதான் உங்கள் கேஜ். மில்லிங்கில் வெட்டுவதானால் அந்தப் பல்வடிவத்துக்குச் சாணை பிடித்த ஃபார்ம் கட்டர் வேண்டும். 40:1 இண்டெக்ஸிங் ஹெட்டில் (கைப்பிடியை 40 முறை சுற்றினால் கம்பி ஒரு சுற்று சுற்றும்) 22 பல்லுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு முழுச் சுற்று, அதன்மேல் 33 துளை வட்டத்தில் 27 இடைவெளி. கைப்பிடி தாண்டிவிட்டால் நேரே பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். அரைச்சுற்று பின்போய், மறுபடி முன்னால் வந்து துளையில் உட்காருங்கள். இல்லாவிட்டால் வார்ம் கியரின் ஆட்டம் முழுவதும் அந்த ஒரு பல்லில் ஏறும். நான்கு பல்தான் சுமை தாங்கும், மீதி வேடிக்கை பார்க்கும்.

கேள்வி: அலுமினிய ஹப்பில் 6205 பேரிங். பின்சக்கரத்தில் நன்றாக இருக்கிறது. அதே அளவில் செய்த முன்சக்கர ஹப்பில் பேரிங்கின் வெளிவளையம் சுற்றி, துளை தேய்ந்துவிட்டது. ஏன்?
(சேலம் வாசகர்)

பதில்: பின்னால் ஷாஃப்ட் சுற்றுகிறது, முன்னால் ஹப் சுற்றுகிறது. எது சுற்றுகிறதோ அந்த வளையம்தான் டைட்டாக இருக்க வேண்டும்.

6205 பேரிங்கின் உள் 25, வெளி 52, அகலம் 15. பின்பக்கம் ஷாஃப்டை கே5 (அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடு) அளவில், அதாவது 25.002 முதல் 25.011க்குள் கடையுங்கள். பேரிங் உட்காரும் ஹவுசிங்கின் துளை ஹெச்7, 52.000 முதல் 52.030. முன்பக்கம் இது தலைகீழ். ஸ்பிண்டில் 24.980 முதல் 24.993, பேரிங் கையால் நுழையும். ஹப் துளை இறுக்கம்: இரும்பானால் என்7, அதாவது 51.961 முதல் 51.991. அலுமினியம் சூட்டில் அதிகம் விரிவதால் இன்னும் இறுக்கி பி7, 51.949 முதல் 51.979 வையுங்கள்.

இதைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். ஹப்பை ஓவனில் 110 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.09 மி.மீ. விரியும், பேரிங் தானே விழும். வெர்னியர் வைத்து இந்த அளவுகளைப் பார்க்க முடியாது, மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வேண்டும். தேய்ந்த துளையில் சென்டர் பஞ்ச் அடித்துப் புடைக்க வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு வாரம் நிற்கும்.

கேள்வி: இந்த வண்டியை ஆர்டிஓவில் பதிவு செய்து ரோட்டில் ஓட்டலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 1988 அனுமதிக்காது. வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கு அந்தப் பதிவு வாங்குவது நடைமுறையில் ஆகாத காரியம். சொந்த நிலம், போட்டி மைதானம், அவ்வளவுதான்.

கேள்வி: மேட்டில் தாவினால் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் கழன்று வெளியே வருகிறது. ஷாஃப்டின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?
(தேனி வாசகர்)

பதில்: வண்டி தரையில் நிற்கும்போது எடுத்த ஒரே அளவை வைத்துக் கடைந்திருப்பீர்கள். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் டிரைபாட் (மூன்று உருளைகள் உள்ள) ஜாயின்ட் உள்ளே வெளியே சறுக்கும், வெளிப்பக்க ஜாயின்ட் சறுக்காது. சக்கரம் ஏறி இறங்கும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறுவதை அந்தச் சறுக்கல்தான் சமாளிக்கிறது.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தை ஜாக்கியில் தாங்குங்கள். முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து முழுக்க ஏறும் நிலைவரை 10 மி.மீ. இடைவெளியில் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு ஜாயின்டின் மையத்துக்கு இடையிலான தூரத்தை, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு குழாய்களை வைத்து எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடு நிலையில்தான் அதிகமோ குறைவோ வரும் என்று நினைக்காதீர்கள். சஸ்பென்ஷன் ஆர்ம்களின் நீளத்தைப் பொறுத்து எங்கு வேண்டுமானாலும் வரும்.

பிறகு டிரைபாட் கப்பில் உருளைகள் அடியில் முட்டும் இடத்திலிருந்து வெளியே விழும் இடம்வரை மொத்தச் சறுக்கலை அளந்துகொள்ளுங்கள். மிகக் குறைந்த தூரத்தில் உருளைகள் அடியில் முட்ட 5 மி.மீ. பாக்கி, மிக அதிக தூரத்தில் வெளியே விழ 5 மி.மீ. பாக்கி இருக்கும்படி நீளத்தை முடிவுசெய்யுங்கள். இரண்டும் ஒருசேர அமையவில்லை என்றால் எந்த நீளத்தில் கடைந்தாலும் பயனில்லை. ஷாக் அப்சார்பருக்கு லிமிட் ஸ்ட்ராப் கட்டி, சக்கரம் தொங்கும் அளவைக் குறையுங்கள்.