ஸ்கேலிங்: திரையில் ஒன்று, சர்வரில் வேறொன்று

திருப்பூர் அண்ணா, பனியன் ஆர்டர் தளம் சாயங்காலமானால் ஹேங் ஆகிறது, சர்வர்காரர் ஸ்கேலிங் வேண்டும் என்கிறார், விண்டோஸில் 150 சதவீதம் வைக்கிறோமே அதுவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. அது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, அவ்வளவுதான்.

சர்வரில் (தளத்தை ஓட்டும் கணினியில்) ஸ்கேலிங் என்றால் கூடுதல் வேலையைத் தாங்கும்படி அதன் திறனைக் கூட்டுவது. அதற்கு இரண்டு வழி. சோமனூர்த் தறிக்காரர் பழைய தறியைக் கொடுத்துவிட்டு வேகமான தறி வாங்கலாம். இல்லையென்றால் பக்கத்திலேயே இன்னும் நாலு தறி போடலாம். முதலாவது, அதே சர்வருக்கு ராமும் (நினைவகம்) சிபியூவும் (கணக்குப் போடும் மூளை) கூட்டுவது. அடுத்தது, சர்வர்களைப் பெருக்கி, லோட் பேலன்சர் வைத்து வேலையைப் பிரித்துக் கொடுப்பது.

ஆனால் பாவு ஓட்டுகிற (தறிக்கு நீளவாட்டு நூலைத் தயார் செய்கிற) இடம் ஒன்றே என்றால் தறியைக் கூட்டியும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். எல்லா சர்வரும் ஆர்டர் விவரம் எடுக்கிற ஒரே டேட்டாபேஸும் அப்படித்தான் முட்டுக்கட்டை ஆகிவிடும். பணம் கட்டும் முன் எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளை) நேரத்தை இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் ஒரு இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி, சட்டென்று தேட உதவுவது) போட்டாலே தீர்ந்துவிடும் (சர்வர் விற்கிறவர் அதைச் சொல்வாரா என்ன!).