சும்மா செய்து தருவார்கள்

அன்புள்ள ஐயா,

நான் உவர்மலையில் இருக்கிறேன். வயது 27. தற்காலிக எழுதுவினைஞராக வேலை. உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். நானும் சில கதைகள் எழுதியிருக்கிறேன். இப்போது பிறருக்காக எழுதிக்கொடுக்கும் சேவை, அதுதான் கோஸ்ட் ரைட்டிங், ஒன்று தொடங்க நினைக்கிறேன். வாழ்க்கை வரலாறு, நினைவு மலர், மேடைப் பேச்சு, பல்கலைக்கழக மாணவருக்கு ஒப்படை எல்லாம் செய்யலாம். முதல் வேலையும் வந்துவிட்டது. திருகோணமலையில் பிறந்து ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பெரியவர் தன் வாழ்க்கையை வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்புகிறார். என்னோடு மூன்று நண்பர்கள். ஒருவர் பக்கம் வடிவமைப்பார். ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் திருத்துவார். ஆசிரியையாக இருக்கும் தோழி ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். இப்போதைக்கு எல்லாரும் சும்மா செய்து தருவார்கள், பிரச்சினை இல்லை. என் கேள்விகள்: ஒரு சொல்லுக்கு எவ்வளவு கேட்கலாம்? இன்னொருவர் பெயரில் எழுதுவது பிழையா? இதனால் என் சொந்த எழுத்து கெட்டுவிடுமா? சேவைக்கு நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள். எழுதிய முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நீங்கள் கேட்ட நாலு கேள்வியும் என்னை அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. கேள்வியாகக்கூட நீங்கள் எழுதாத ஒரு வரிதான் செய்தது. அதற்கு வருகிறேன். முதலில் மற்றவற்றை முடித்துவிடுவோம்.

இன்னொருவர் பெயரில் எழுதுவது பிழையா என்றால், நம் ஊரில் இது நேற்று வந்த தொழிலா? ஒருவர் மோசம் போனால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். வயதானவர்கள் அதை இன்னும் கல்வெட்டு என்றே சொல்வார்கள். அதில் பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரும் பாட்டைப் பேரப்பிள்ளைகளா எழுதுகிறார்கள்? பாடசாலைப் பரிசளிப்பு விழா மலரைப் புரட்டுங்கள். ஆசியுரை, வாழ்த்துரை என்று ஐந்து பேருடைய படம் இருக்கும். எழுதிய கை ஒன்றாகவே இருக்கும். பல மலர்களில் அது என் கை. சொல்ல இருக்கிற மனிதருக்குச் சொல்ல வராதபோது எழுதிக்கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் ஒப்படை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே வெட்டுங்கள். பெரியவருக்குச் சொல்ல ஒரு வாழ்க்கை இருக்கிறது, நீங்கள் எழுதிக்கொடுக்கிறீர்கள். ஒப்படையோ, அந்தப் பிள்ளை தானே வாசித்துத் தானே யோசிக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கொடுப்பது. அதை நீங்கள் செய்து கொடுத்தால் அந்தப் பிள்ளை நாளைக்கு மூதூரிலோ தம்பலகாமத்திலோ ஒரு வகுப்பறையில் வந்து நின்று நம் பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிக்கும்? இந்த விஷயத்தில் என்னோடு வாதம் வேண்டாம்.

உங்கள் சொந்த எழுத்து கெடாது. பயப்படாமல் வேலையைப் பாருங்கள்.

சொல்லுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுச் செலவு உங்களுக்குத்தான் தெரியும். மூன்றில் ஒரு பங்கு முற்பணம் வாங்காமல் தொடங்காதீர்கள். எத்தனை தரம் திருத்தித் தருவீர்கள், வேலை முடிந்தபின் ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், இடையில் பெரியவருக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, இவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. எழுத்தின் பொருளாதார உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்கவேண்டும், இரு தரப்பும் கையொப்பமிடவேண்டும் என்கிறது. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆக, பெரியவரிடமிருந்து உங்களைக் காக்கவும் உங்களிடமிருந்து பெரியவரைக் காக்கவும் ஒரு சட்டம் இருக்கிறது.

இப்போது அந்த வரி. "எல்லாரும் சும்மா செய்து தருவார்கள், பிரச்சினை இல்லை."

அந்த மூன்று பேரையும் காக்க என்ன இருக்கிறது? குரலைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்தவரை எந்தச் சட்டமும் ஆசிரியர் என்று இலகுவில் சொல்லாது. அவருக்கு இருப்பது உங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான். உங்கள் வாய்ச்சொல்லோ "சும்மா" என்பதோடு முடிந்துவிட்டது.

என் அப்பா கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கச் செயலகத்துக்கு, முன்னால் மர நிழலில் இருந்து பெட்டிசம் எழுதியவர். ஒரு வாங்கு, ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு குடை. காணிப் பிரச்சினை, ஓய்வூதியம், பிறப்புப் பதிவில் பெயர் பிழை, காணாமல் போன பிள்ளை, எதுவானாலும் அவரிடம் வருவார்கள். பகலில் கேட்டுக் குறிப்பு எடுப்பார். அவருடைய எழுத்து அவருக்கே சில நேரம் விளங்காது. இரவில் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அம்மா வந்து இருப்பார். அப்பா கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, புல்ஸ்காப் தாளில் அம்மா எழுதுவார். மின்சாரம் இல்லாத காலங்களில் லாம்பைத் தாளுக்குக் கிட்ட இழுத்து வைத்துக்கொள்வார். புகை படியாமல் இடது கையை விரித்துத் தாளுக்கு மேலே பிடித்திருப்பார். அந்த உள்ளங்கையின் கரி எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா எஸ்.எஸ்.சி. வரை படித்தவர். முத்து முத்தான எழுத்து. வெளியில் எல்லாரும் "ஐயாட கையெழுத்து ராசியான கையெழுத்து" என்பார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். மறுத்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டிசத்துக்கு வரும் காசு அப்பாவின் சட்டைப் பைக்குள் போகும். பேனைக்கு மை வாங்க அம்மா அப்பாவிடம் காசு கேட்பார்.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. காசில்லாமல் வந்தவர்களுக்கும் எழுதிக் கொடுத்தவர். அம்மா செய்வது ஒரு வேலை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அவருக்கும் அது "சும்மா செய்து தருவது" தான்.

அப்பா இறந்தபோது நினைவு மலரை நான்தான் எழுதினேன். அப்போதே என்னை எழுத்தாளன் என்று ஊரில் சொல்வார்கள். "ஆயிரக்கணக்கான ஏழைகளின் கண்ணீரைத் தன் அழகிய கையெழுத்தால் துடைத்தவர்" என்று எழுதினேன். அம்மாவிடம்தான் பிழை பார்க்கக் கொடுத்தேன். இரண்டு ஒற்றுப்பிழை திருத்தித் திருப்பித் தந்தார். அந்த வரியில் ஒன்றும் சொல்லவில்லை. உண்மை தெரிந்தும் நான் அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

முப்பத்தொன்று அன்று திருக்கடலூரிலிருந்து ஒரு கடல்தொழிலாளி வந்தார். பொலித்தீன் பையில் மடித்து ஒரு தாள் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 கடல் அடித்துக்கொண்டு போன வள்ளத்துக்காகப் பிரதேச செயலாளருக்குப் போட்ட மனுவின் பிரதி. "ஐயாட கையெழுத்து அம்மா. எறிய மனம் வரேல்ல" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மெதுவாக வாசித்தார். "தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றேன்" என்ற அப்பாவின் வழக்கமான வரிகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "வலை கொடியில் காய்கிறது. ஏற்றிப்போக வள்ளம் இல்லை."

அம்மாவின் விரல் அதில் நின்றது. வந்தவர் தேத்தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போனபிறகு என்னிடம் சொன்னார்: "இது அப்பா சொல்லேல்ல தம்பி. அந்த மனுசன் அண்டைக்கு விறாந்தையில இருந்து சொன்னது. அப்பா இலக்கம் எழுதிக்கொண்டிருந்தவர், கவனிக்கேல்ல. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். இரவு எழுதேக்க போட்டுவிட்டன்."

வள்ளத்தின் பதிவு இலக்கம், கிராம சேவகர் பிரிவு, நட்டக்கணக்கு, எல்லாம் அப்பா சரியாக எடுத்திருந்தார். அந்த மனிதன் மட்டும் அம்மாவின் காதில் விழுந்திருந்தான். அத்தனை வருடமும் அந்தக் கையெழுத்துக்குள் அம்மாவின் காதும் இருந்திருக்கிறது. மலரில் நான் எழுதிய வரியைத் திருத்த எனக்கு இன்னொரு மலர் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்துக்கு வருகிறேன். "கோணமாமலையின் நீலக்கடல் என் நெஞ்சத்தில் அலைமோதியது" என்று தொடங்குகிறீர்கள். பெரியவர் இதைச் சொன்னாரா? சத்தியமாகச் சொல்லியிருக்கமாட்டார். இந்த ஊர்க்காரர் யாரும் கடலைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. உங்கள் தோழியிடம் கேட்டுப்பாருங்கள், அந்த இடத்தில் அவர் என்ன சொன்னார் என்று. எங்கே இருமினார், எந்தப் பெயரைச் சொல்லவந்து நிறுத்தினார், எதை மூன்று தரம் சொன்னார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு மணித்தியாலப் பேச்சைத் தட்டச்சு செய்ய எனக்கு ஐந்து மணித்தியாலம் போகும். ஒரு வசனத்தை நாலு தரம் திருப்பிக் கேட்கவேண்டிவரும். அந்தப் பெரியவருடைய பிள்ளைகள்கூட அவரை அவ்வளவு நேரம் இருந்து கேட்டிருப்பார்களா? பகல் முழுக்க வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து, இரவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை கேட்கிறது. நீங்கள் பிரச்சினை இல்லை என்கிறீர்கள்.

உங்கள் பெயர் புத்தகத்தில் வராது என்பது உங்களுக்கு உறுத்துகிறது. பிழையா, என் எழுத்து கெடுமா என்று நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பதற்குள் அந்த உறுத்தல்தான் இருக்கிறது. எனக்கு அது விளங்குகிறது, உங்கள் மேல் இரக்கமும் வருகிறது. ஆனால் உங்களுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் காசு இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் நிற்கிற மூன்று பேருக்கு இரண்டும் இல்லை.

"பிறகு லாபம் வந்தால் பங்கு தருவேன்" என்று நீங்கள் சொல்லப்போவதும் தெரியும். அந்தப் "பிறகு" எப்போது? முதல் புத்தகத்தில் லாபம் வராது. இரண்டாவதில் கணினி வாங்கவேண்டும் என்பீர்கள். மூன்றாவது வருவதற்குள் அவர்களுடைய முகம் மாறியிருக்கும், ஏன் என்று உங்களுக்கு விளங்காது. நல்ல சிநேகிதங்கள் இப்படிச் சத்தமில்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். சண்டை பிடித்துப் பிரிந்திருந்தாலாவது பேசித் தீர்த்திருக்கலாம்.

கோணேசர் கோயிலில் இன்ன தொண்டு இன்னாருக்கு என்று, தொண்டு செய்பவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் என வகுத்துச் சொல்கிறது கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல். பூவும் விளக்கும்கூட யாருடைய பொறுப்பு என்று எழுத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்த ஊர் இது. இந்த ஊரில் பிறந்த உங்களுக்கு நாலு பேருடைய வேலையை ஒரு தாளில் எழுத என்ன தயக்கம்?

தட்டச்சுக்கு ஒலிப்பதிவின் மணிக்கணக்கில் காசு. வடிவமைப்புக்குப் பக்கக் கணக்கில். எழுத்துரு மாற்றித் திருத்துபவருக்கும் அப்படியே. பாமினியை மாற்றும்போது உடைந்துபோகும் எழுத்துகளைப் பொறுக்கிச் சரிசெய்வது கண்ணைத் தின்கிற வேலை. முற்பணம் வந்த அன்றே முதல் பங்கு அவர்களுக்குப் போகவேண்டும். புத்தகத்தில் உங்கள் பெயர் வராது என்று பெரியவரோடு ஒப்புக்கொண்டால், வடிவமைப்பு இன்னார், எழுத்துப் பிரதி இன்னார் என்று அவர்கள் பெயர் வரலாமா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்பார். எழுதிய பக்கங்களை அவருக்கு அனுப்ப முதல் தோழிக்கு வாசிக்கக் கொடுங்கள். அவர் "இது அவர் சொல்லேல்ல" என்று கோடு போட்ட இடமெல்லாம் திரும்ப எழுதவேண்டும். அதற்கும் காசு கொடுக்கவேண்டும்.

கைக்காசு இல்லை என்றால் இவ்வளவு ரூபா கடன் என்று எழுதித் திகதி போட்டுக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். கடன் என்றாவது இருக்கட்டும். "சும்மா" என்று இருக்கவேண்டாம்.

சேவைக்குப் பெயர் கேட்டிருந்தீர்கள். அது அவசரமில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். அந்தத் தாளை எழுதி, நாலு பேரும் ஒப்பமிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். தனியாக வராதீர்கள், மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஆசிரியைப் பிள்ளையை ஒலிப்பதிவும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரியவர் கடலைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவேண்டும்.