வெந்த தகரத்தை அவசரப்பட்டு அள்ளாதீர்கள்

கேள்வி: அப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்டம். மேலே மானாப்புல்லில் பிடித்த தீ இறங்கி வந்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறு காம்பராக்களை எரித்துவிட்டது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் சாம்பல். தோட்டத்து மனேஜர் துரை கிராம சேவகரிடம் போகச் சொல்கிறார், அவர் தோட்டத்தைக் கேட்கச் சொல்கிறார். காசு கொடுத்தால் நட்டஈடு வாங்கித் தருவதாக ஒருவர் வீடு தேடி வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நிவாரணம் கேட்பதற்கு விண்ணப்பக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. நான் பிரதேச செயலகத்தில் இருந்த காலத்தில், இதேபோல் எரிந்த ஒரு லயத்திலிருந்து ஆறு மனு வந்தது. ஆறும் ஒரே புரோக்கரின் கையெழுத்து. ஆறு வீட்டிலும் ஒரு டிவி, இரண்டு அலுமாரி, மூன்று பவுண் நகை எரிந்ததாம்! பவுண் உருகிய தடம் எங்கே என்று அதிகாரி கேட்டார், அதோடு ஆறு மனுவும் ஃபைலுக்கு அடியில் போய்விட்டன. உண்மையிலேயே தையல் மெஷினைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுடைய மனுவும் அதில் ஒன்று. புரோக்கர் தன் காசை முன்னாடியே வாங்கியிருந்தார். "அக்கா, ஐயாவை எனக்குத் தெரியும், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று யார் வந்தாலும் வெற்றுத் தாளில் கை வைக்காதீர்கள்.

தோட்டம் எரிந்த கூரைத் தகரத்தை அள்ளிச் சுத்தம் செய்வதற்குள் ஃபோனில் படம் எடுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டு, எரிந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வையுங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே ஒப்பமிடுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அதை இன்னும் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

லயமும் ஒரு கிராம சேவகர் பிரிவுக்குள்தான் இருக்கிறது. "தோட்டத்தைக் கேளுங்கள்" என்பது பதிலே இல்லை. அவர் அறிக்கை எழுதாவிட்டால் நேரே பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரண உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மானா மறுபடி பற்றினால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு உடனே அழையுங்கள்.

பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள், அது இல்லாமல் அடையாள அட்டை நகராது. பிரதிக்குச் சிறு கட்டணம் உண்டு. கவுண்டரில் நீங்களே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அப்புறம் தாத்தாவின் பத்திரம். பலரும் பயப்படுவது இதற்குத்தான். பத்திரம் எரிந்ததால் பிரஜாவுரிமை எரிந்துவிடாது. 1949 இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தாத்தா பதிவு செய்திருந்தால் விபரம் அரசாங்கத்திடம் இருக்க வேண்டும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேளுங்கள். அவர் பதிவே செய்யாதவர் என்றாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் அது உரிமை தந்தது. "நீ இந்தியாக்காரி" என்று கவுண்டரில் யாராவது முணுமுணுத்தால் இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். பெரியப்பா, அத்தை வீடுகளிலும் தேடிப் பாருங்கள், பத்திரத்தின் ஃபோட்டோ பிரதி ஒன்று எங்காவது கிடக்கும்.

சேமலாப நிதித் தாள் போய்விட்டதே என்று கலங்க வேண்டாம், அங்கத்துவ இலக்கம் பழைய சம்பளத் துண்டில் இருக்கும். பத்திரங்கள் வைத்திருந்த பிஸ்கட் டின் கிடைத்தால் கிளறாமல் அப்படியே எடுங்கள். ஓரம் கருகிய தாளிலும் நடுவில் இலக்கம் தப்பியிருக்கும், மடிப்பைப் பிரிக்காமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.