“இதுவும் கிப்ஸன்தான் சார்!”

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கப் போனேன். கடைக்காரர் எபிஃபோன் டிஆர்-100 என்ற மாடலை எடுத்துக் கொடுத்து, “இதுவும் கிப்ஸன்தான் சார். பேர்தான் வேற, ஃபேக்டரி ஒண்ணுதான். கிப்ஸன்னு எழுதியிருந்தா லட்சக்கணக்குல போகும்” என்றார். வீட்டுக்கு வந்தால் தம்பி மகன், “பெரியப்பா, கிப்ஸன் கம்பெனியே திவாலாயிடுச்சு, அதைப் போய் வாங்காதீங்க” என்கிறான். யார் பேச்சை நம்புவது?
– திருச்சி வாசகர்

பதில்: இரண்டு பேரும் பாதிப் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்கள். முதலில் கடைக்காரர். எபிஃபோனுக்குச் சொந்தக்காரர், அமெரிக்காவின் பெரிய கிட்டார் கம்பெனியான கிப்ஸன் என்பது சரி. 1957 முதல் அப்படித்தான். இரண்டும் ஒரே ஃபேக்டரியில் தயாரானதும் உண்மைதான். ஆனால் அது முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

எபிஃபோன் கிப்ஸன் உருவாக்கிய மலிவுப் பிராண்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தொடக்கத்தில் அது கிப்ஸனின் பங்காளிகூட இல்லை, நேர்ப் போட்டியாளர். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரிலிருந்து 1903-ல் அமெரிக்கா போன ஸ்டாத்தோபூலோ என்ற கிரேக்கக் குடும்பத்தின் நியூயார்க் பட்டறை அது. மூத்த மகன் எபமினோண்டாஸை எல்லோரும் ‘எப்பி’ என்பார்கள். எப்பியோடு ஒலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘ஃபோன்’ சேர்ந்து பிராண்டுப் பெயரானது. 1930-களில் கிப்ஸனுக்கு ஈடுகொடுத்த கம்பெனி. 1943-ல் எப்பி இறந்தார். தம்பிகள் கையில் தொழில் ஆட்டம் கண்டது, வேலைநிறுத்தம் வந்தது, பட்டறை பிலடெல்ஃபியாவுக்கு இடம்பெயர்ந்தது. கை தேர்ந்த தொழிலாளர்களில் பலர் கூடவே போகவில்லை. அப்படி நின்றுவிட்டவர்களில் சிலர்தான் 1952-ல் தொடங்கிய கில்ட் கிட்டார் கம்பெனியில் போய்ச் சேர்ந்தவர்கள். அதாவது பெயர் ஒரு வழியில் போனது, கைவேலை வேறு வழியில் போனது.

1957-ல் கிப்ஸனின் தாய் நிறுவனம் வெறும் 20,000 டாலருக்கு எபிஃபோனை வாங்கியது. கிப்ஸன் தலைவர் டெட் மெக்கார்ட்டி குறிவைத்தது எபிஃபோனின் டபுள் பேஸ் (வயலின் மாதிரியே இருக்கும் ஆளுயரக் கருவி) தொழிலை மட்டும்தான். சரக்கு வந்து இறங்கியபோது கிட்டார் அச்சுகள், பாதி செய்த உடல்கள், பெயர் என்று எல்லாமே சேர்ந்து வந்திருந்தன. பேஸ் வாங்கப் போனவருக்குக் கிட்டார் கம்பெனியே கிடைத்தது!

அதன் பிறகு ஏறக்குறைய 1970 வரை மிச்சிகனின் கலமஸூவில், கிப்ஸன் தயாரான அதே கட்டடத்தில், அதே ஆட்கள் கையால் எபிஃபோனும் தயாரானது. கிப்ஸன் ஏஜென்சி கிடைக்காத கடைகளுக்கு இதைக் கொடுத்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ‘யெஸ்டர்டே’ பாடலுக்கு வாசித்த டெக்ஸன் என்ற எபிஃபோன் மாடல் அந்தக் காலத்துக் கருவி. “ஃபேக்டரி ஒண்ணுதான்” என்று உங்கள் கடைக்காரர் சொன்னது இந்தப் பதின்மூன்று வருடப் பெருமையைத்தான். தாத்தா ஜமீன்தார் என்பதற்காகப் பேரனுக்குக் கடன் கொடுப்பீர்களா?

1970-களில் தயாரிப்பு ஜப்பானுக்குப் போனது, 1980-களில் கொரியாவுக்கு, பிறகு சீனாவுக்கு. 2004-ல் சீனாவின் சிங்டாவ் நகரில் எபிஃபோனுக்கென்றே கிப்ஸன் சொந்த ஃபேக்டரி திறந்தது. கிப்ஸன் அக்கூஸ்டிக்குகள் 1989 முதல் அமெரிக்காவின் போஸ்மன் நகரில் தயாராகின்றன. எபிஃபோன் பெயரிலும் டெக்ஸன், ஃப்ரான்டியர் என்று சில மாடல்கள் அண்மையில் போஸ்மனில் தயாராகியிருக்கின்றன. அவற்றின் விலையைப் பார்த்தாலே அவை வேறு ஜாதி என்று தெரிந்துவிடும். கடையில் உங்கள் கைக்கு வந்தது அதுவல்ல.

இப்போது தம்பி மகன் சொன்னது. 2018 மே மாதம் கிப்ஸன் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-வது அத்தியாயத்தின் கீழ் மனு போட்டது வாஸ்தவம். அது கடையை இழுத்து மூடும் மனு இல்லை. தொழிலை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கம்பெனியைக் கவிழ்த்தது கிட்டாரும் இல்லை. கிட்டாரை விட்டுவிட்டு ஹெட்ஃபோன், ஹோம் தியேட்டர் என்று ஆசைப்பட்டு, 2014-ல் பிலிப்ஸின் ஆடியோ தொழிலை 13.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்தக் கடன்தான் கழுத்தை நெரித்தது. 2018 நவம்பரிலேயே கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்குதாரராக, கம்பெனி மீண்டு வந்தது. எபிஃபோன் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. திவால் பயத்தால் வாங்காமல் விட வேண்டாம்.

ஆனால் டிஆர்-100 வாங்கலாமா என்பது தனிக் கேள்வி. அதன் விவரக் குறிப்பில் மேல்பலகை ‘செலக்ட் ஸ்ப்ரூஸ்’ என்று இருக்கும். கவனியுங்கள், ‘சாலிட் ஸ்ப்ரூஸ்’ என்று இருக்காது. ‘சாலிட்’ என்ற சொல் இல்லையென்றால் ஒட்டுப்பலகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லையா, கிட்டாரின் நடுவில் உள்ள வட்ட ஓட்டையின் விளிம்பை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஓடும் மரத்தின் கோடுகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழிறங்கினால் ஒரே பலகை. பிஸ்கட் அடுக்கு மாதிரி இரண்டு மூன்று படலம் தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்பில் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் விடை உங்களுக்கே தெரியும்.

ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தொனி கொஞ்சம் அடங்கியிருக்கும், வருடங்கள் போகப்போக மெருகேறாது. ஆனால் வெயிலுக்கும் மழை ஈரத்துக்கும் சாலிட் பலகை மாதிரி சட்டென்று விரிசல் விடாது. பழகும் பிள்ளைக்கு அது போதும். பிள்ளைகள் கிட்டாரை மூலையில் சாய்த்துவிட்டுப் போவது பெரும்பாலும் தொனிக்காக இல்லை, விரல் வலியால்தான். ஆகவே கடையிலேயே ஒரு ஸ்கேல் கேட்டு வாங்கி, 12-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது. நாலைத் தொட்டால், செட்டப் செய்து, அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து கொடுங்கள் என்று பணம் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். பணம் கைமாறிய பிறகு சொன்னால் “அது அப்படித்தான் சார் இருக்கும்” என்பார்கள். பிறகு பில் காகிதத்தின் ஓரத்தை பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பின்விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. என் முதல் கிட்டாரை (கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது) மே மாத வெயிலில் மூடிய காரில் ஒரு பகல் விட்டேன். சாயங்காலம் பிரிட்ஜ் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அதே கடையில் யமஹா எஃப்ஜி800 இருந்தால் பக்கத்தில் வைத்து மகளை இரண்டையும் மீட்டச் சொல்லுங்கள். அது சாலிட் ஸ்ப்ரூஸ் மேல்பலகை. விலை வித்தியாசம் தாங்குகிற அளவில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பெரிய பெயர் அதில் கிடையாது, பெரிய கதையும் கிடையாது. பட்ஜெட் இன்னும் இறுக்கமா, அதே யமஹாவின் எஃப்280-ஐக் கேளுங்கள். அது ஒட்டுப்பலகைதான், ஆனால் சென்னைக்கு அருகிலுள்ள அவர்கள் ஃபேக்டரியில் தயாராகிற கிட்டார்.

எதை எடுத்தாலும் பெட்டியின் மேல் தயாரான நாடு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி இருக்க வேண்டும்; இது சட்டம். வாரன்டி என்று வரும்போது நீங்கள் போய் நிற்கப் போவது அமெரிக்காவில் இல்லை, பெட்டியில் பெயர் போட்டிருக்கும் இவர் வாசலில்தான். ஜிஎஸ்டி பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய எபிஃபோன் அக்கூஸ்டிக் விற்கிறார். உள்ளே நீல லேபிள், அதில் கலமஸூ, மிச்சிகன் என்று இருக்கிறது. “அமெரிக்கன் பீஸ்” என்று நல்ல விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: லேபிளை இன்னும் ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள். 1970-களின் ஜப்பான் எபிஃபோன்களில் நீல லேபிள்தான் ஒட்டினார்கள். கம்பெனி முகவரி கலமஸூ, ‘மேட் இன் ஜப்பான்’ என்பது அதன் கீழே. கழுத்து உடலோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். உலோகத் தகடு வைத்து போல்ட்டு முறுக்கியிருந்தால் ஜப்பான்தான், சந்தேகமே வேண்டாம். மோசமான கருவி என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் தொனி நன்றாகவே இருக்கும். ஜப்பான் விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள்.

கேள்வி: கிவ்ஸன் என்று ஒரு கிட்டார் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. இது கிப்ஸனின் இந்தியப் பிரிவா?

பதில்: இல்லை. கொல்கத்தாவில் தயாராகும் இந்தியப் பிராண்டு, கிப்ஸனோடு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. நம் ஊரில் எத்தனையோ பேர் முதலில் விரல் வைத்துப் பழகியது இதில்தான். கடையில் அது நாலைந்து தொங்கும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எடுக்காமல் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டிப் பாருங்கள். கரகரவென்று இரையாத ஒன்றைப் பொறுக்கி எடுங்கள். கையோடு கம்பிகளை மாற்றச் சொல்லுங்கள். கடையில் தொங்கியே பாதி துருப்பிடித்திருக்கும்.